தலையில் பட்ட அடியும் தலையில் விழுந்த பழியும்

2018 மே 26. கீவ் நகரின் ஒலிம்பிஸ்கி மைதானத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலை 3-1 என்று வீழ்த்தி ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது. அந்த மூன்று கோல்களில் எந்தக் கோல்கீப்பராலும் தடுத்திருக்க முடியாது என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: கேரத் பேல் அந்தரத்தில் மல்லாந்து அடித்த சைக்கிள் கிக். மற்ற இரண்டும் லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் காரியஸ் தயவில் விழுந்தவை. 51-வது நிமிடத்தில் பந்தைச் சக வீரருக்கு உருட்டிவிடப் போனார். பக்கத்தில் நின்ற கரீம் பென்சிமாவை அவர் கணக்கில் எடுத்ததாகவே தெரியவில்லை. பென்சிமா காலை நீட்டினார், பந்து அதில் பட்டு வலைக்குள் உருண்டது. 83-வது நிமிடத்தில் பேல் வெகு தூரத்திலிருந்து அடித்த பந்து நேராக அவர் கைகளுக்கே வந்தது. கையில் பட்டுப் பின்னால் போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் 24 வயதான காரியஸ் லிவர்பூல் ரசிகர்கள் இருந்த பக்கமாகப் போய் அழுதபடி கையெடுத்து மன்னிப்புக் கேட்டார். அன்றிரவே அவருக்குக் கொலை மிரட்டல்கள் வரத் தொடங்கின. விஷயம் போலீஸ் வரை போனது.

ஒன்பது நாள் கழித்து, ஜூன் 4 அன்று, அமெரிக்காவின் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து ஓர் அறிக்கை வெளியானது. காரியஸ் அந்த ஆட்டத்தின்போது கன்கஷனுக்கு, அதாவது மூளையதிர்ச்சிக்கு, ஆளாகியிருந்தார் என்றது அது. முதல் கோலுக்கு ஓரிரு நிமிடம் முன்பு ரியல் மாட்ரிட் கேப்டன் செர்ஜியோ ரமோஸின் முழங்கை காரியஸின் தலையில் இடித்துச் சென்ற காட்சி அதற்குள் உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. எந்தக் கோல்கீப்பர் தலையில் அடிபட்ட பிறகு கோல் வாங்கினாலும் காரியஸ் பெயர் வந்துவிடும். ஒரு பக்கம், “பாவம், மூளை கலங்கிய நிலையில் ஆடியவனை இப்படிக் குதறினோமே” என்பவர்கள். மறுபக்கம், “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்று சிரிப்பவர்கள். இரண்டு தரப்பும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. சண்டை முடியாததற்குப் பெரும்பாலான காரணம் அதுதான்.

மண்டைக்குள் நடப்பது

மூளை மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. தலை வேகமாக உதறப்படும்போது, குறிப்பாகச் சட்டென்று திருப்பப்படும்போது, மூளையின் திசுக்கள் இழுபடுகின்றன. நரம்பு செல்களின் சவ்வு வழியாக அயனிகள் தாறுமாறாக உள்ளும் புறமும் பாய்கின்றன. அதைச் சரிசெய்ய செல்லுக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்துபோகலாம். தேவை கூடி, வரத்துக் குறைந்த இந்த இடைவெளியில்தான் மந்தம், குழப்பம், தலைசுற்றல், பார்வைத் தடுமாற்றம் எல்லாம் வருகின்றன.

இதில் ரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. அதனால் சாதாரண சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. “ஸ்கேன் நார்மல்” என்ற செய்தி வந்தால் கன்கஷன் இல்லை என்று பொருளல்ல. அதைவிடப் பெரிய அபாயம் எதுவும் இல்லை என்று மட்டுமே பொருள். கிளப்புகள் வெளியிடும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு வசதியாகக் காணாமல் போவதுண்டு.

ரசிகர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்ட இன்னொரு தவறான எண்ணம், மயக்கம் போட்டு விழுந்தால்தான் கன்கஷன் என்பது. மிகப் பெரும்பாலான கன்கஷன்களில் நினைவு தப்புவதே இல்லை. எழுந்து நிற்பார், ஓடுவார், நடுவரிடம் வாதாடக்கூடச் செய்வார். காரியஸும் இடிபட்ட பிறகு எழுந்து நடுவரிடம் முறையிட்டார். “எழுந்து சண்டை போட்டவனுக்கு என்ன மூளையதிர்ச்சி?” என்று அதையே ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் அந்த வாதம் செல்லாது. அறிகுறிகள் சில நிமிடம் கழித்தோ சில மணி நேரம் கழித்தோ கூட வரலாம்.

மருத்துவர்கள் சொன்னதும் சொல்லாததும்

காரியஸைப் பரிசோதித்தவர்கள் டாக்டர் ராஸ் ஸஃபோன்டேயும் லெனோர் ஹெர்கெட்டும். பரிசோதனை நடந்தது மே 31 அன்று, ஆட்டம் முடிந்து ஐந்து நாளைக்குப் பிறகு. ஆட்டத்தின் காணொளி, காரியஸ் சொன்ன அறிகுறிகள், உடல் பரிசோதனை, அளவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வந்ததாக அறிக்கை சொன்னது.

அந்த அறிக்கையை நிதானமாகப் படித்தால் அதில் மூன்று படிகள் தெரியும். முதல் படி, அந்த ஆட்டத்தில் கன்கஷன் ஏற்பட்டது. இதை உறுதியாகச் சொன்னார்கள். இரண்டாவது, பார்வையால் இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் திறனில் கோளாறு இருப்பதைக் கண்டோம், அது அடிபட்ட உடனேயே தொடங்கியிருக்கக்கூடும். இங்கே ஒரு “கூடும்” வந்துவிடுகிறது. மூன்றாவது, அப்படிப்பட்ட கோளாறு ஆட்டத்தைப் பாதித்திருப்பது சாத்தியம். இது முந்தையதைவிட இன்னும் ஒரு படி தளர்வான பேச்சு.

உறுதி, நிகழ்தகவு, சாத்தியம் என்று படிப்படியாக இறங்கும் வாசகம். மருத்துவர்கள் அளந்து பேசியிருக்கிறார்கள். ஆனால் செய்தித் தலைப்புகளிலிருந்து ரசிகர் பேச்சுக்கு வந்து சேர்வதற்குள் மூன்றும் ஒன்றாகிவிட்டன. ஒரு தரப்புக்கு “காரியஸ் நிரபராதி என்று மருத்துவமே நிரூபித்துவிட்டது”. இன்னொரு தரப்புக்கு “ஐந்து நாள் கழித்து அமெரிக்காவில் வாங்கிய சால்ஜாப்பு”. அறிக்கையில் இரண்டுமே இல்லை.

கோல் விழுந்த விதத்தைப் பார்த்தால் மருத்துவ விளக்கம் பொருந்தத்தான் செய்கிறது. முதல் தவறு, பக்கவாட்டில் நிற்பவரைக் கவனிக்கத் தவறியது. இரண்டாவது, வேகமாக அலைந்து வரும் பந்தின் பாதையைக் கணிக்கத் தவறியது. இரண்டுமே இடம், தூரம், அசைவு சார்ந்த பிழைகள். ஆனால் பொருந்துவது வேறு, நிரூபணமாவது வேறு. கால்பந்தில் எந்தக் காயமும் இல்லாத கோல்கீப்பர்களும் இதே தவறுகளைச் செய்திருக்கிறார்கள். பேல் அடித்த பந்து காற்றில் தடம் மாறி வந்தது. அதற்கு அரை மணி நேரம் முன்பு உலகமே பார்க்கும் ஆட்டத்தில் ஒரு பெரிய தவறு செய்துவிட்ட மனிதனின் கை நடுங்க மூளையில் அடிபட்டிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

சந்தேகப்படுகிறவர்கள் கையில் இருக்கும் வலுவான சீட்டு, காரியஸின் பழைய கணக்கு. 2016 டிசம்பரில் போர்ன்மவுத்துக்கு எதிராக 3-1 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல் 4-3 என்று தோற்றது. கடைசி நேரத்தில் காரியஸ் நழுவவிட்ட பந்தைத்தான் நேதன் ஆகே உள்ளே தள்ளினார். 2018 ஜூலையில், இறுதிப்போட்டிக்கு ஆறு வாரம் கழித்து, டிரான்மியர் அணியுடனான பயிற்சி ஆட்டத்திலும் ஒரு ஃப்ரீ கிக்கைப் பிடிக்க முடியாமல் விட்டார். “இதற்கு யார் முழங்கை காரணம்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒருவர் அடிபடாத நாளிலும் தவறு செய்கிறவர் என்றால், அடிபட்ட நாளில் செய்த தவறுக்கு அடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதேபோல, அடி காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. கன்கஷன் தவறுக்கான வாய்ப்பைக் கூட்டும். குறிப்பிட்ட ஒரு தவறு அந்தக் கூடுதல் வாய்ப்பால் வந்ததா, வழக்கமான பங்கில் வந்ததா என்று பிரித்துக் காட்டும் கருவி எந்த மருத்துவமனையிலும் இல்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது, அதுவும் அதே அணியிலிருந்து. கீவில் லிவர்பூலின் ஒரே கோலை அடித்தவர் சாடியோ மானே. 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் செனகலுக்காக ஆடியபோது, கேப் வெர்டே கோல்கீப்பர் வோசின்யாவுடன் அவர் தலை மோதிக்கொண்டது. பார்த்தவர்கள் பதறும் அளவுக்கு மோதல். வோசின்யாவுக்குச் சிவப்பு அட்டை. மானே களத்தில் நீடித்தார், சில நிமிடங்களில் அழகான ஒரு கோலும் அடித்தார், அதன் பிறகுதான் வெளியே அழைக்கப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். அந்தக் கோலை வைத்து “அவர் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்ல முடியுமா? முடியாது. அப்படியானால் காரியஸ் வாங்கிய கோலை வைத்தும் அவர் தலையைப் பற்றி எதுவும் முடிவு கட்ட முடியாது. ஸ்கோர்போர்டு மருத்துவப் பரிசோதனைக் கருவி அல்ல.

பழி, காரணம், வேலை

“காரியஸ் பொறுப்பா?” என்று கேட்கும்போது அதில் குறைந்தது மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அடியால்தான் தவறு நடந்ததா என்பது ஒன்று. அவரைக் குற்றம் சொல்வது நியாயமா என்பது இன்னொன்று. லிவர்பூல் அவரை நம்பி அடுத்த பருவத்தைத் தொடங்கியிருக்க வேண்டுமா என்பது வேறொன்று. முதலாவது மருத்துவம் சார்ந்தது, இரண்டாவது அறம், மூன்றாவது வெறும் தொழில்.

இவற்றைப் பிரித்துவிட்டால் முரண்பாடுபோல் தெரிந்தவை சேர்ந்தே நிற்கும். பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் அதைத்தான் செய்தார். அந்த இடி காரியஸை நூற்றுக்கு நூறு பாதித்தது என்றார். தாங்கள் இதைச் சாக்காகப் பயன்படுத்தவில்லை, நடந்ததற்கு விளக்கமாகவே பார்க்கிறோம் என்றும் சொன்னார். அதே ஜூலையில் லிவர்பூல் ரோமா அணியிடமிருந்து அலிசன் பெக்கரை வாங்கியது. அதுவரை எந்தக் கோல்கீப்பருக்கும் தராத தொகை. ஆகஸ்டில் காரியஸ் துருக்கியின் பெசிக்டாஸ் அணிக்கு இரண்டாண்டுக் கடனாக அனுப்பப்பட்டார். “கன்கஷன் என்று நம்பினால் ஏன் அனுப்பினார்கள்? அப்படியானால் க்ளோப் சொன்னது பொய்” என்று அப்போது எழுந்த வாதம் கேட்பதற்கு மட்டுமே கூர்மையானது. ஒருவன் மேல் குற்றமில்லை என்று மனதார நம்பிக்கொண்டே, அவனைவிடச் சிறந்த ஒருவரை அந்த இடத்தில் வைக்கலாம். விளையாட்டில் நாற்காலி இழப்பது தண்டனையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

என் கணிப்பு எந்தப் பக்கம் என்று கேட்டால்: முதல் கோலில் அடியின் பங்கு இருந்திருக்க வாய்ப்பு அதிகம், மூன்றாவதில் அடியும் மனமுறிவும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்றே தோன்றுகிறது. இது கணிப்புதான். யாரையும் நிற்கவைத்து விசாரிக்க இது போதாது, விடுதலை செய்யவும் போதாது.

வென்றால் வீரம், தோற்றால் சாக்கு

ரசிகர்களின் நியாயத்தில் எனக்கு உறுத்துவது வேறொன்று. 2013 நவம்பர் 3 அன்று எவர்டன் மைதானத்தில் டாட்டன்ஹாம் கோல்கீப்பர் ஹியூகோ லோரிஸின் தலையில் எவர்டன் வீரர் ரொமேலு லுகாகுவின் முழங்கால் இடித்தது. லோரிஸ் நினைவிழந்து கிடந்தார். எழுந்ததும் வெளியே போக மறுத்தார். பயிற்சியாளர் ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் அவரைத் தொடர விட்டார். பிறகு அந்த முடிவு தன்னுடையது என்று சொல்லி, லோரிஸின் மனவுறுதியையும் மெச்சிக்கொண்டார். ஆட்டம் 0-0. வீரர்களின் சர்வதேச சங்கமான ஃபிஃப்ப்ரோவும் மூளைக் காயம் தொடர்பான அமைப்புகளும் கண்டித்தன. ஆனால் லோரிஸ் கோல் வாங்கவில்லை. அதனால் ரசிகர்கள் பலர் அதை ஒரு வீரக்கதையாகவே சொன்னார்கள். அடுத்த சில நிமிடங்களில் அவர் ஒரு பந்தை நழுவவிட்டிருந்தால் இதே பிடிவாதத்துக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

2014 உலகக் கோப்பை இறுதிப்போட்டி இன்னும் விசித்திரமானது. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் 17-வது நிமிடத்தில் அர்ஜென்டினாவின் எசெகியேல் கராயின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்து மேலும் 14 நிமிடம் ஆடினார். நடுவே நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் போய், “இது இறுதிப்போட்டிதானா?” என்று கேட்டிருக்கிறார். ரிசோலி ஜெர்மன் வீரர்களிடம் சொல்ல, பிறகுதான் கிராமர் வெளியேற்றப்பட்டார். ஜெர்மனி 1-0 என்று வென்றது. இன்று அது சிரித்துக்கொண்டே சொல்லப்படும் துணுக்கு. தான் எந்த ஆட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாத ஒரு நடுக்கள வீரரின் தப்பான பாஸால் அர்ஜென்டினா கோல் அடித்திருந்தால் அது துணுக்காக இருந்திருக்காது.

மூவருக்கும் தலையில் அடி. கோல் வாங்காதவருக்கு வீரன் பட்டம், கோப்பை வென்றவருக்குச் சிரிப்பு, தோற்றவருக்குக் கொலை மிரட்டல்.

அடிபட்டவரே சாட்சி

ஆட்டக்காரரின் பொறுப்பு என்று பேசுகிறவர்கள் அடுத்து கேட்பது: “முடியவில்லை என்றால் கையைத் தூக்கி வெளியே வந்திருக்கலாமே?” இது பின்தொடை தசை இழுத்துக்கொண்டவரிடம் கேட்கலாம். அடிபட்ட உறுப்பே முடிவெடுக்கும் உறுப்பாக இருக்கும்போது இந்தக் கேள்வி நிற்காது. தன் மூளை சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு இருப்பதும் அதே மூளைதான்.

2014 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் உருகுவேயின் ஆல்வரோ பெரேராவின் தலையில் ரஹீம் ஸ்டெர்லிங்கின் முழங்கால் பட்டது. நினைவிழந்தார். அணி மருத்துவர் மாற்று வீரரைக் கேட்டுச் சைகை காட்ட, எழுந்த பெரேரா விரலை ஆட்டி மறுத்துவிட்டுத் திரும்ப ஓடினார். விளக்கு அணைந்ததுபோல இருந்தது என்று பின்னர் அவரே சொன்னார். மருத்துவரை மீறி நோயாளி முடிவெடுத்தார், மைதானமும் அதை ஏற்றுக்கொண்டது.

யான் வெர்டோங்கன் கதை இதைவிட நீளமானது, வலி மிகுந்தது. 2019 ஏப்ரல் 30, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. டாட்டன்ஹாம் தடுப்பாட்டக்காரரான அவர் சக வீரர் டோபி ஆல்டர்வெய்ரெல்டுடனும் அயாக்ஸ் கோல்கீப்பர் ஆந்த்ரே ஒனானாவுடனும் மோதிக்கொண்டார். முகமெல்லாம் ரத்தம். சட்டையை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார், சற்று நேரத்தில் நிற்க முடியாமல் தாங்கிப் பிடித்து அழைத்துச் செல்லப்பட்டார். அடுத்த பருவத்தில் அவர் ஆட்டம் சரிந்தது. “வயதாகிவிட்டது, கால் ஓடவில்லை” என்று ரசிகர்கள் முடிவு கட்டினார்கள். 2021-இல்தான் அவர் வாய்திறந்தார். அந்த மோதலுக்குப் பிறகு ஒன்பது மாதம் தலைசுற்றலும் தலைவலியுமாகக் கழிந்ததாம். தான் ஆடியிருக்கவே கூடாது என்றார். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் மிச்சம் இருந்ததால், களத்தில் தெரிந்தால்தான் அடுத்த கிளப் கிடைக்கும் என்று ஆடிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வெர்டோங்கன் மறைத்தது சரியில்லை என்று சொல்லலாம். அதில் ஓரளவு பொறுப்பு அவருக்கும் உண்டு, ஏனென்றால் இது மோதிய அந்தக் கணத்துக் குழப்பமல்ல, மாதக்கணக்கில் தெரிந்தே எடுத்த முடிவு. ஆனால் உண்மையைச் சொன்னால் சம்பளம் போகும் என்ற ஏற்பாட்டை அவர் உருவாக்கவில்லை.

முழங்கைக்கு உரியவர்

கீவ் விவகாரத்தில் ரமோஸை விட்டுவிட முடியாது. அதே ஆட்டத்தின் முதல் பாதியில் அவருடன் கைகோத்து விழுந்த லிவர்பூல் வீரர் முகமது சலா தோள்பட்டைக் காயத்துடன் அழுதபடி வெளியேறியிருந்தார். அதனால் முழங்கை விவகாரம் வந்ததும் “திட்டமிட்ட சதி” என்று பலர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். ரியல் ரசிகர்கள், பின்னாலிருந்து லிவர்பூலின் வர்ஜில் வான் டைக் தள்ளியதால்தான் ரமோஸ் தடுமாறினார் என்றார்கள். ரமோஸோ, இனி லிவர்பூலின் ஃபிர்மினோ வந்து என் வியர்வைத் துளி பட்டு ஜலதோஷம் பிடித்தது என்று சொல்வதுதான் பாக்கி என்று கிண்டலடித்தார். அந்தக் கிண்டல் அவருக்கு நண்பர்களைச் சம்பாதித்துத் தரவில்லை.

ரமோஸின் மனதுக்குள் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. கால்பந்து விதிகள் அதைத் தெரிந்துகொள்ளச் சொல்லவும் இல்லை. விதி 12 கவனக்குறைவு, கண்மண் தெரியாத செயல், மிதமிஞ்சிய பலம் என்று செயலின் தன்மையைத்தான் அளக்கிறது. முதலாவதற்கு ஃபவுல் மட்டும், இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. “வேண்டுமென்றே செய்தாரா” என்ற கேள்வியில் சிக்கிக்கொண்டு ரசிகர்கள் வருடக்கணக்கில் சுற்றி வந்தார்கள். கேட்டிருக்க வேண்டியது, தலைக்கு நேராக முழங்கை வந்ததை நடுவர் மிலோராட் மாசிச் ஏன் பார்க்கவில்லை என்பதை. அவர் பார்வை அப்போது பந்தின் மேல் இருந்தது. அந்த ஆண்டு சாம்பியன்ஸ் லீகில் காணொளி உதவி நடுவர் முறையும் கிடையாது. அது 2019 பிப்ரவரியில்தான் வந்தது. ரமோஸ் மேல் நடவடிக்கை ஏதும் வரவில்லை.

யார் பார்த்திருக்க வேண்டும்

பெரேரா, கிராமர் விவகாரங்களுக்குப் பிறகு 2014 செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா ஒரு விதி கொண்டுவந்தது. தலைக்காயம் என்ற சந்தேகம் வந்தால் நடுவர் மூன்று நிமிடம் வரை ஆட்டத்தை நிறுத்தலாம், மருத்துவர் சரி என்றால்தான் வீரர் தொடரலாம். கீவில் இந்த விதி அமலில் இருந்தது. ஆனால் நடுவர் சந்தேகப்படவில்லை, ஆட்டம் நிற்கவில்லை, மருத்துவர் உள்ளே வரவில்லை. மாற்று கோல்கீப்பர் சிமோன் மிஞ்ஞோலே பெஞ்சில்தான் இருந்தார். லிவர்பூலுக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று மாற்றங்களில் சலாவுக்காக ஒன்றுதான் செலவாகியிருந்தது. காரியஸை மாற்றத் தடை ஏதும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் தடை.

கவனித்திருந்தாலும் மாற்றியிருப்பார்களா என்பது அடுத்த சிக்கல். இறுதிப்போட்டியில், மிச்சமிருக்கும் இரண்டு மாற்றங்களில் ஒன்றை, நின்று பேசிக்கொண்டிருக்கும் கோல்கீப்பருக்காக எந்தப் பயிற்சியாளர் எளிதில் செலவழிப்பார்? இந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் கன்கஷன் மாற்று வீரர் முறை வந்தது. கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதில் மார்னஸ் லபுஷேன் இறங்கியது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த வருடம் கான்பராவில் ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சஹல் மூன்று விக்கெட் எடுத்ததும் எழுந்த முணுமுணுப்பும் நினைவிருக்கும். இந்த மாதிரி ஏற்பாட்டை அணிகள் தந்திரமாகப் பயன்படுத்துமோ என்ற பயம் கால்பந்து விதிக்குழுவுக்கும் இருந்தது. அதனால் 2021-இல் சோதனையாகத் தொடங்கி, 2024 ஜூலை முதல் விதிப்புத்தகத்தில் இடம்பெற்ற முறையில் ஒரு சமன்பாடு வைத்தார்கள்: ஒரு அணி கன்கஷன் மாற்றத்தைப் பயன்படுத்தினால் எதிரணிக்கும் கூடுதலாக ஒரு மாற்றம் கிடைக்கும். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. போட்டி நடத்துபவர்கள் விரும்பினால்தான் இந்த முறை நடைமுறைக்கு வரும்.

ஃபிஃப்ப்ரோவும் பிரீமியர் லீக் உள்ளிட்ட சில லீக்குகளும் கேட்டது இதுவல்ல, தற்காலிக மாற்று. ரக்பியில் இருப்பதுபோல, சந்தேகத்துக்குரியவரை உள்ளே அழைத்துப்போய்ப் பன்னிரண்டு நிமிடம் அமைதியாகப் பரிசோதிக்க வேண்டும், அதுவரை வேறொருவர் ஆட வேண்டும். விதிக்குழு 2023 ஜனவரியில் மறுத்தது. பத்து நிமிடத்தில் தேறியவருக்கு அரை மணி கழித்து அறிகுறி வந்தால் என்ன செய்வது, சந்தேகம் என்றாலே நிரந்தரமாக வெளியேற்றுங்கள் என்பது அவர்கள் வாதம். காகிதத்தில் அது கடுமையான பாதுகாப்பு. களத்தில் நடப்பது வேறு. ஆயிரக்கணக்கானோர் கத்தும்போது, வீரர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று கெஞ்சும்போது, திரும்ப அழைக்க முடியாத ஒரு முடிவை மூன்று நிமிடத்தில் எடுக்கச் சொன்னால் மருத்துவர் எந்தப் பக்கம் சாய்வார்? இந்த விஷயத்தில் ஃபிஃப்ப்ரோ சொல்வதே சரி என்பது என் எண்ணம்.

2022 நவம்பர் 21, கத்தார் உலகக் கோப்பை, இங்கிலாந்துக்கு எதிரான ஈரான் ஆட்டம் அதற்கு நல்ல சாட்சி. கோல்கீப்பர் அலிரேசா பெய்ரன்வாந்த் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே சக வீரர் மஜித் ஹொசைனியின் தலையோடு மோதினார். பல நிமிடம் சிகிச்சை, ரத்தம் படிந்த சட்டை மாற்றம், பிறகு ஆடுகிறேன் என்று எழுந்து நின்றார். ஆட அனுமதித்தார்கள். சற்று நேரத்தில் தரையில் படுத்துவிட்டார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். அந்த உலகக் கோப்பையின் முதல் கன்கஷன் மாற்று வீரராக ஹொசைன் ஹொசைனி இறங்கினார். கூடுதல் மாற்றம் கையில் இருந்தும், மோதலை உலகமே பார்த்திருந்தும், மருத்துவர்கள் பக்கத்திலேயே நின்றும், முதலில் எடுக்கப்பட்ட முடிவு “ஆடட்டும்” என்பதுதான்.

காரியஸ் விஷயத்தில் இவை எதுவுமே தொடங்கியிருக்காது. அவர் தரையிலேயே கிடக்கவில்லை, ரத்தம் வரவில்லை, ஆட்டம் நிற்கவில்லை. இன்றைய விதிகள் அப்படியே அன்று இருந்திருந்தாலும், மேலிருந்து திரையில் காட்சியைத் திரும்பப் பார்க்கும் ஒருவர் கவனித்து பெஞ்சுக்குத் தகவல் சொல்லியிருந்தால் மட்டுமே எதுவும் மாறியிருக்கும். கத்தாரில் அப்படிக் கவனிக்க ஃபிஃபா ஆட்களை உட்காரவைத்திருந்தது. கீவில் முழங்கை இடித்ததற்கும் பென்சிமா கால் நீட்டியதற்கும் நடுவே அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அவகாசம் ஓரிரு நிமிடம்.